புதன்கிழமை மதியம் எடுத்த போட்டோ

எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

எங்க ஊர்க் கூடத்துல "நம் ஊர்க் கடைகளின் வரலாறு"ன்னு கண்காட்சி வெச்சாங்க. நடத்துனது லயனல். லண்டன்ல பெரிய உத்தியோகம் பாத்து ஓய்வு வாங்கினதும், இங்க கொல்லன் பட்டறையை வாங்கி வீடாக்கிட்டுக் குடிவந்த மனுஷன். நான் தெல்மா டக்கெட். இந்த ஊர்ல அப்ப உசுரோட இருந்த ஒரே கடை என்னோடது. ரொட்டி, பால், தபால்தலை, கோழித்தீனி எல்லாம் கிடைக்கும்.

பால் வண்டிக்காரப் பையன் முன்னாடியே சொல்லிட்டான். "அக்கா, நீங்க எடுக்கிற பாலு டீசலுக்கே கட்டல. இந்த வாரமும் இப்படித்தான்னா, வண்டி இனிமே இந்தப் பக்கம் வராது." பால் இல்லாத கடைக்கு எவன் வருவான்? கண்காட்சிக்கு ஊரே திரளும், டீ போடாம இருக்க மாட்டாங்க, பாலுக்கு நம்மகிட்டதானே வரணும்னு ரெண்டு மடங்கு இறக்கி வெச்சேன். "அவங்கள நம்பாதடி"ன்னார் என் வீட்டுக்காரர் நெவில். நான் காதுல போட்டுக்கல.

சனிக்கிழமை காலையில ஒரு ஈ காக்கா வரல. நெவிலைக் கடையில உக்கார வெச்சுட்டு விறுவிறுன்னு கூடத்துக்கு நடந்தேன்.

வாசல்லயே டீ மேஜை. சூப்பர்மார்க்கெட் பால், சூப்பர்மார்க்கெட் பிஸ்கட், சூப்பர்மார்க்கெட் கேக். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கல, வெக்கங்கெட்டதுங்க! சுவர் பூரா செத்துப்போன கடைங்க. கசாப்புக் கடை, செருப்புக் கடை, ரொட்டிக் கடை. ஒவ்வொரு படத்து முன்னாலயும் நின்னு உச்சுக் கொட்டிக்கிட்டிருந்தாங்க. கடைசிப் பலகையில என் கடை. கதவு சாத்தி, திரை இறக்கி. கீழ எழுதியிருக்கு: "ஊரின் கடைசிக் கடை. அண்மையில் மூடப்பட்டது."

"யோவ் லயனல்! நான் எப்பய்யா செத்தேன்?"

கூடமே திரும்பிப் பாத்துச்சு. லயனலுக்கு முகம் செவந்துபோச்சு.

"மிசஸ் டக்கெட், நான் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் எழுதினேன். கதவு பூட்டியிருந்துச்சு. 'மூடியுள்ளது'ன்னு அட்டை தொங்குச்சு."

"என்னைக்கு வந்தீங்க?"

"புதன்கிழமை. மதியம் சாப்பிட்டுட்டு."

"அட கடவுளே! இந்தச் சுவத்துல தொங்குற அத்தனை கடையும் புதன் மதியம் அடைச்ச கடைங்கதான்யா! சனிக்கிழமை பூரா கால்கடுக்க நிக்கிறோமே, அதுக்கு அந்த அரைநாள் லீவு. என் மாமனார் காலத்துலயும் அப்படித்தான். கடைங்களோட வரலாறு எழுத வந்துட்டீங்க, இது தெரியாதா? ஒரு வியாழக்கிழமை பால் வாங்க வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

சர்ச்சுல எங்கூடப் பாட்டுப் பாடுற ரோசமண்ட் பக்கத்துல வந்தா. "கத்தாத தெல்மா. பாலை உங்கிட்ட வாங்கலாம்னுதான் இருந்தோம். கடையை மூடிட்டன்னு லயனல் சொன்னாரு."

"நாலு வீடு தள்ளி இருக்க. எட்டிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்குமா?"

அவ டீ கப்புக்குள்ள பாத்துக்கிட்டா.

"தப்பு என்னோடதுதான்"ன்னார் லயனல். "இப்பவே போய் கடை திறந்திருக்கிற மாதிரி புதுப் படம் எடுத்துடலாம்." எல்லாரும் கை தட்டுனாங்க. ஊர்வலமாட்டம் என் பின்னாலயே வந்தாங்க. எனக்கும் மனசுக்குள்ள ஒரு நப்பாசை. வர்றவங்க ஆளுக்கொரு பாட்டில் எடுத்தாக்கூடப் போதும், பால் காலியாயிடும்.

வந்தாங்க. தராசைப் போட்டோ எடுத்தாங்க, நெவிலை எடுத்தாங்க, என்னைச் சிரிக்கச் சொன்னாங்க. ரோசமண்ட் ஒரு பால் பாட்டிலைத் தூக்கிப் பாத்துட்டுத் திரும்ப வெச்சா. "கூடத்துல நிறைய மிச்சம் கிடக்கு, இல்லன்னா வாங்கியிருப்பேன்."

வேற யாரும் எதையும் தொடக்கூட இல்ல.

"எல்லாரும் வெளிய போங்க"ன்னேன். போனாங்க. திரையை இறக்குனேன். அட்டையைத் திருப்புனேன். நெவில் கோட்டை மாட்டிக்கிட்டு வந்தார். கதவைப் பூட்டிட்டு லயனல் பக்கம் திரும்புனேன்.

"இப்ப எடுங்க. உங்க பலகையில ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டாம்."