அந்த அறை வாடகையில் சேராது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வீட்டு மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவர் காலையில் போன் செய்தார். அதுவரை அவர் குரலைக்கூட நான் கேட்டதில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்கம்மா விழுந்து இடுப்பு முறிஞ்சிருச்சு, கூட்டிட்டு வந்து வச்சுக்கணும். மாடியில பூட்டிக் கிடக்குற அந்த ரூம் கிடைச்சா இங்கேயே இருந்துடுவோம். இல்லைன்னா வேற வீடுதான் பார்க்கணும். ஐயாகிட்ட கேட்டேன். 'அது அவ ரூம், அவளையே கேளு'ன்னுட்டாரு."

சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். யோசிக்க வேண்டியவள் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இதுதான் பிழைப்பு. ஒளிந்துகொள்ளும் இடமும் இதுதான்.

2

முதல் தொடக்கம்: 'அவள் அந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோது மழை

(மழையெல்லாம் இல்லை. சும்மா சோகத்துக்குத் தூவினேன்.)

இரண்டாவது: 'அவளுடைய தந்தை ஒரு பிடிவாதக்காரர். அவளோ

(அவளும்தான். விடுங்கள்.)

நடந்தது இதுதான். அம்மா தவறிப்போன பிறகு, மாடியை வாடகைக்கு விடப்போவதாக அப்பா சொன்னார். "அம்மா புழங்குன இடத்துல கண்டவங்களைக் குடி வைக்கப் போறீங்களா?" என்று கத்தினேன். "அப்போ இந்தச் சுவரோட பேசிட்டுக் கிடக்கச் சொல்றியா?" என்றார் அப்பா.

(இந்த வசனம் நான் எழுதியது. உண்மையில் அவர் சொன்னது "சரி, போ" மட்டும்தான்.)

போனேன். அன்றோடு பேச்சு நின்றது.

3

அப்பா பாத்திரம் சரியாக அமைய மாட்டேன் என்கிறது. தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவர். வாடகை ஒப்பந்தத்தைத் தானே உட்கார்ந்து எழுதுவாராம்.* குழாய் ஒழுகினால் அன்றே சொல்ல வேண்டும், தொட்டி வழியக் கூடாது, மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது என்று தண்ணீருக்கே முக்கால்வாசி தாள் போய்விடுமாம். கடைசியில் ஒரு நிபந்தனை. காலையில் டிரைவர்தான் அதைப் போனில் படித்துக் காட்டினார்: மாடியில் கிழக்குப் பக்க அறை வாடகையில் சேராது, வீட்டுக்காரரின் மகள் வந்தால் தங்குவதற்கு.

"ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் இதை மட்டும் ரெண்டு தடவை சத்தமா வாசிப்பாரு அக்கா."

நான் யாரைக் கண்டவங்க என்றேனோ அவர்களிடமே எனக்கு இடம் விடச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சரி, நானாவது கேட்டேனா? மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

* தரகரிடம் அச்சடித்த தாளே கிடைக்கும். கொடுத்தால், "இதுல என் குழாயைப் பத்தி என்ன இருக்கு?" என்பாராம்.

4

முடிவு அ: அறையைக் கொடுக்கச் சொல்கிறேன். டிரைவரின் அம்மா நிம்மதியாகப் படுக்கிறார். இவள் இனி வரப்போவதில்லை என்று அப்பா எடுத்துக்கொள்கிறார்.

முடிவு ஆ: வேண்டாம் என்கிறேன். நல்ல மனிதர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக் கிளம்புகிறார்கள். அப்பா பூட்டிய அறைக்குக் காவலாகத் தனியே கிடக்கிறார்.

முடிவு இ: அறையைக் கொடுத்துவிட்டு நானே கிளம்பிப் போய்

(போய் எங்கே படுப்பது? கீழே, அப்பா பக்கத்தில், ஒரு பாயை விரித்துப் போட்டால் ஆயிற்று. இத்தனை வருஷம் இது தோன்றவே இல்லையே, சே.)

5

போன் அடிக்கிறது. டிரைவர்தான்.

"நீங்க கூப்பிடலையே, அதான் நானே பண்ணிட்டேன். ஐயா பக்கத்துலதான் நிக்கிறாரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க அக்கா."

யாரோ தொண்டையைச் செருமுகிறார். யாரோ என்று எழுதுகிறேன் பாருங்கள். அப்பாதான்.

மூன்றில் எந்த முடிவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். என்னால் இனி உட்கார்ந்து எழுத முடியாது. எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.