சுவரில் இரண்டு கோடு

யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற ஆள் நான் இல்லை. கொத்து வேலை கற்றுக்கொடுத்த புத்தி அது. பூச்சு பளபளக்கும், தட்டினால் உள்ளே காலி.

என் மருமகள் ஒரு மில்லின் வாலிபால் அணியில் ஆடுகிறவள். ஆட்டத்துக்காகக் கிடைத்த வேலை. அணியில் இடம் போனால் வேலையும் போகும். பிள்ளை பெற்றுத் திரும்பியவளிடம் பழைய துள்ளல் இருக்கிறதா என்று கோச் சோதிக்கப் போகிறார். நின்றபடி கை எட்டும் இடத்தில் சுவரில் ஒரு கோடு, நின்ற இடத்திலிருந்தே எம்பித் தொடும் இடத்தில் ஒரு கோடு. நடுவே இரண்டு சாண் வேண்டும்.

மகன் லாரியோடு போய்விடுவான். சாயங்காலமானால் பின்னறையில் தொம் தொம் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், மரப்பெட்டியிலிருந்து குதிக்கிறாள், தரை சுட்ட மாதிரி உடனே மேலே எம்புகிறாள். பக்கத்தில் ஒரு டப்பா.

"டப்பால என்னம்மா, வெள்ளையா?"

"சாக்பீஸ் தூள், மாமா. விரல்ல தடவிட்டுத் தொட்டா சுவத்துல பதியும்."

"ஊக்க மருந்துல மாட்டுறவரைக்கும் எல்லாரும் தூள்னுதான் சொல்லுவாங்க."

"சந்தேகமா இருந்தா நாக்குல வச்சுப் பாருங்க."

அவள் வேலைக்குப் போனதும் வைத்துப் பார்த்தேன். சாக்பீஸ்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. போன மாதம் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியவள், சுவரில் இரண்டு சாணுக்கு மேல் காட்டுகிறாளே, எப்படி?

கீழ்க்கோட்டைப் பார்த்ததும் பிடிபட்டது. அந்தச் சுவரில் நான் அடித்த ஆணி ஒன்று உண்டு. குதிகால் தூக்காமல் அதில் பை மாட்டுவாள். கோடோ ஆணிக்கு நாலு விரல் கீழே. தோளை இறக்கி நின்று கோடு போட்டால் துள்ளல் தானாக வளர்ந்துவிடும் இல்லையா? பலே கில்லாடி என்று நினைத்தேன். சொன்னால் அவள் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் வீட்டில் ஒரு பித்தலாட்டம். வாயை மூடிக்கொண்டு சோதனைக்குக் கூடவே போனேன்.

"கொஞ்சம் புடிங்க, மாமா" என்று பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுச் சுவரோரம் போனாள். யாரும் சொல்லாமலே கையை முழுசாக நீட்டினாள். தோள் இறங்கவில்லை. பிறகு எம்பினாள். மூன்று முறை. ஒன்றரை விரல் குறைந்தது. திருடி மாட்டிக்கொண்ட முகமாக இல்லை அது. கடையில் மீதிச் சில்லறை குறைந்து வந்தவள் முகம்.

"வீட்ல வந்துச்சு சார்."

"வீட்ல வந்தது வீட்டோட. அடுத்த மாசம் ஒரே ஒரு வாட்டி. அதோட சரி" என்றார் கோச்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "இங்க கோடு போடுறப்ப ஏன் தோளை இறக்குன?"

"நான் எங்க இறக்குனேன்? இப்படித்தான நின்னேன்" என்றவள், பழக்கத்தில் பிள்ளையை வாங்கி இடது இடுப்பில் வைத்தாள். வலது கையைத் தூக்கினாள். இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்தது, உடம்பு சரிந்தது. விரல் சரியாகப் பழைய கோட்டில் போய் நின்றது.

இருவரும் கோட்டையே பார்த்தோம்.

"கீழ விட்டா கத்துவான், மாமா. கோடு போடுற நேரந்தானேன்னு இடுப்புலயே வச்சுக்குவேன். குதிக்கிறப்பதான் தொட்டில்ல போடுவேன்."

"நாலு விரலைத் திருடுனவன் இவன்தானா" என்றேன். பிள்ளை கொட்டாவி விட்டான்.

ஈரத்துணியால் பழைய கோட்டைத் துடைத்தேன். புதுக்கோடு ஆணியை ஒட்டி விழுந்தது. அன்றிலிருந்து தொம் தொம் சத்தம் கேட்டால் பிள்ளை என் மடிக்கு வந்துவிடுவான். மடியை நனைக்காத நாளில்லை. ஆனாலும் அவள் கை நீட்டும்போதெல்லாம் அந்தத் தோளிலும் குதிகாலிலும் ஒரு கண் வைத்தேதான் இருந்தேன்.

அடுத்த மாதச் சோதனை. எம்பினாள். இரண்டு சாணுக்கு ஒரு விரல் கூடவே வந்தது. கோச் பேனாவைத் திறந்தார்.

"சார், கீழ்க்கோட்டை இன்னொரு தடவை பாத்துருங்க. தோள் லேசா இறங்குன மாதிரி இருந்துச்சு."

கோச் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவர் யாரும்மா, எதிர் டீமா?"

"என் மாமனார், சார்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "மாமா, நீங்க எந்தப் பக்கம்?"

மறுபடி நின்றாள். கோச் அவள் தோளைத் தொட்டு உயர்த்திப் பார்த்தார். குதிகாலை நான் குனிந்து பார்த்தேன். விரல் அதே கோட்டில்தான் விழுந்தது.

"இப்ப எழுதுங்க" என்றேன்.