மலை இல்லாத வாக்குமூலம்

ஒஸ்லோத் தமிழர்கள் யாரும் இமெல்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தொல்க் அக்கா' என்பார்கள். தொல்க் என்றால் நோர்வே மொழியில் மொழிபெயர்ப்பாளர். அகதி விசாரணை, ஆஸ்பத்திரி, விவாகரத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பிரச்சினை என்று கனகாலமாக மற்றவர்களின் வாயாக இருந்து அவளுக்குத் தன் வாய் மறந்துபோயிருந்தது. கணவன் செத்தபிறகு ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் தனியாக இருந்தாள். வீட்டில் கதைக்க ஆளில்லாததை ஓய்வு என்று சொல்லிக்கொள்வாள். அது பொய்யென்று அவளுக்கே தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலம். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளை ஹவுகன்ஸ்டுவாப் பக்கம் இருக்கும் ஜெயகுமாரி வந்து மறித்தாள்.

"அக்கா, என்ரை சின்னம்மான்ரை மகன் குகநேசனுக்கு வாற கிழமை விசாரணை. நீங்கள் வந்தால், அவன் அந்த மலைக் கதையைத் தொடங்கினால்..."

"எனக்கு ஒண்டும் சொல்லாதை, ஜெயகுமாரி. அவர் சொல்லுறதை அப்பிடியே சொல்லுறதுதான் என்ரை வேலை. அதுக்கு மேலை எனக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை."

கடை முழுவதும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். ஜெயகுமாரியின் முகம் செத்துப்போனது. இமெல்டா முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அடுத்த கிழமை அந்த விசாரணைக்கு அவளையே அனுப்பினார்கள். அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, தண்ணீர்க் குடுவை. அதிகாரி நாற்பது வயதுப் பெண், குரல் உயர்த்தாதவள். எதிரே குகநேசன். ஊரில் மின்சார வேலை செய்தவன். கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய், வழக்கு எதுவும் இல்லாமல் இரண்டு வருடம் அடைத்துவைத்திருந்தார்கள். இடது கை விரல்கள் முழுதாக மடங்காது. போர்நிறுத்தம் வந்தபின் விடுதலையாகி, மறுபடி ஆட்கள் தேடி வர, ஏஜென்சி மூலம் இங்கே வந்து சேர்ந்திருந்தான்.

அந்தப் போர்நிறுத்தத்தை முன்னின்று செய்துவைத்ததே நோர்வேதான். தாங்கள் சமாதானம் செய்துவைத்த ஊரிலிருந்து ஓடிவருகிறவனை நம்புவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? எங்கே ஓட்டை என்றுதான் பார்ப்பார்கள். போன வருடம் இதே அறையில் ஒரு வவுனியாப் பொடியன், தகப்பனுக்குக் கொள்ளி வைக்க ஒருநாள் ஊருக்குத் திரும்பிப் போனேன் என்று உள்ளதைச் சொன்னான். இமெல்டா அதை ஒரு எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தாள். தானாகத் திரும்பிப் போகிறவனுக்கு அங்கே ஆபத்தில்லை என்று எழுதி அவனை விமானத்தில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவனைப்பற்றி யாருக்கும் ஒரு தகவலும் இல்லை.

"உங்களை அடைத்துவைத்த முகாமைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள் அதிகாரி.

"அது மலைநாட்டிலை ஒரு பழைய தேயிலை ஃபக்டரி" என்று தொடங்கினான் குகநேசன். "கொழுந்து வாட்டுற மேல்தட்டிலை எங்களைப் போட்டிருந்தவை. யன்னலாலை பாத்தால் சிவனொளிபாதமலை. யாத்திரைக் காலத்திலை இரவானால் அடியிலையிருந்து உச்சிமட்டும் லைற் போட்டிருக்கும். நாங்கள் யாழ்ப்பாணத்தார், மேடு எண்டு கண்டது குளக்கட்டு மட்டும்தான். அதைப் பாத்துக்கொண்டே படுத்திருப்பம்."

அவனோடு இரண்டு பேர். பாசையூர்க் கடற்தொழிலாளி யோசேப்பு. மற்றவர் சண்முகலிங்கம். இளவயதில் மலையடிவார மஸ்கெலியாவில் மாமனின் கடையில் நின்றவர், மலைக்குப் போகும் குறுக்குவழி எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அடித்த அடியில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. சுவரைப் பிடித்துத்தான் எழும்புவார்.

"அவர்தான் கதையைத் தொடக்கினவர். முதல் பகிடி எண்டுதான் நினைச்சம். 'தப்பி ஓடினால் அடுத்த ஆமிச் சென்றியிலை பிடிப்பான், அடையாள அட்டை இல்லாத தமிழன் எங்கை போறது? ஆனால் வெள்ளை கட்டிக்கொண்டு மலைக்குப் போறவனை ஆர் மறிக்கிறது? போயிட்டு வாங்கோடா, ஒரு நாளெண்டாலும் கைதியில்லாமல் இருந்திட்டு வாங்கோ. வந்து எப்பிடி எண்டு எனக்குச் சொல்லுங்கோ' எண்டார்."

பௌர்ணமி விடுமுறையன்று காலையில் ஆள் எண்ணமாட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எண்ணுவார்கள். முதல்நாள் பொழுதுபட்டதும் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு, கொழுந்து இறக்கும் பீலி வழியாக இருவரும் இறங்கினார்கள். அவர்களின் பாய்களில் சாக்கைச் சுருட்டிப் போர்த்துவைத்துக் காவல் இருப்பது சண்முகலிங்கத்தின் பொறுப்பு.

இமெல்டாவின் பேனா நின்றது. அடுத்து வரப்போகும் கேள்வி அவளுக்கு இப்போதே கேட்டது. வெளியே போனவன் ஏன் திரும்பிப் போனான்? இந்த ஒன்று போதும் இவனை அனுப்ப. அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். ஒருமுறை இரண்டு பேராகத் தப்பப் பார்த்தார்கள், பிடிபட்டுவிட்டார்கள், அடித்தார்கள் என்றாள். அதிகாரி அதைத் தட்டச்சு செய்தாள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

குகநேசனுக்கு நோர்வே மொழி தெரியாது. அவன் மேலே ஏறிக்கொண்டிருந்தான்.

"சனமெண்டால் சனம், அக்கா. எல்லாம் சிங்களச் சனம். குழந்தையைத் தோளிலை போட்டுக்கொண்டு, கும்பிட்டுக்கொண்டு ஏறுதுகள். ஒரு கிழவி மூச்சு வாங்கி யோசேப்பின்ரை கையைப் பிடிச்சிட்டுது. புத்தே, புத்தே எண்டு கூப்பிட்டபடி. மகனே எண்டு அர்த்தம். அவன் வாயே திறக்கேல்லை, திறந்தால் தமிழ் வந்திடும். படி முழுக்க அந்த மனிசியைத் தாங்கித்தான் ஏத்தினவன். ஆரோ எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி தந்தினம். இரண்டு வருசத்துக்குப் பிறகு எங்களைப் பாத்து ஒரு மனிசர் சிரிச்சது அண்டைக்குத்தான்."

உச்சியில் மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்கவேண்டும். இருவரும் ஒவ்வொரு முறை அடித்தார்கள். இன்னொன்று சண்முகலிங்கத்துக்காக.

"சூரியனுக்கு நிக்காதையுங்கோ, மணியை அடிச்ச உடனை இறங்குங்கோ எண்டு அவர் சொல்லிவிட்டவர். நான்தான் கேக்கேல்லை. கிழக்கு வெளுத்திட்டுது. இதைப் பாக்காமல் போய் அந்தாளுக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டு நான்தான் யோசேப்பை மறிச்சனான். நிண்டம். பாத்தம்."

அவர்கள் திரும்பி வந்தபோது சாப்பாட்டு மணி அடித்து முடிந்திருந்தது.

"சண்முகலிங்கத்தைச் சாக்குக்கு மேலை கிடத்தியிருந்தவை. எங்கை போயிட்டாங்கள் எண்டு கேட்டுச் சாகுமட்டும் அடிச்சிருக்கினம், அவர் வாய் திறக்கேல்லை. கால் பெருவிரல் இரண்டையும் சேத்துக் கட்ட ஒரு துண்டுத் துணி கேட்டனான். தரேல்லை. பொழுதுபட ட்ரக்டரிலை ஏத்திக்கொண்டு போச்சினம். அவரின்ரை மனிசிக்கு, உன்ரை புருசன் தப்பி ஓடிட்டான் எண்டு அறிவிச்சிருக்கினம். ஓட ஏலாத மனிசனை, அக்கா! யோசேப்பு பிறகு இந்தியாவுக்குப் போற வழியிலை கடலோடை போயிட்டான். இப்ப நான் ஒருத்தன்தான் சாட்சி. மலை எப்பிடி எண்டு வந்து சொல்லச் சொன்னவர். இண்டைக்குத்தான் சொல்லுறன்."

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்தான். அதிகாரி தண்ணீரை அவன் பக்கம் நகர்த்திவிட்டு இமெல்டாவைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் என்ன சொன்னார்?"

"அந்த அடியைப் பற்றித்தான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்."

சொன்ன வாயை அறுத்தெறிய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் ஒரு உயிரைக் காப்பாற்றுகிறேன், செத்தவருக்கு இனி என்ன என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

விசாரணை முடிந்ததும் எழுதியதெல்லாவற்றையும் தொல்க் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும், அவன் சரியென்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைக்கவேண்டும். அதுதான் அங்கே முறை. இமெல்டா அதை மறந்தே போயிருந்தாள். தாள்கள் கைக்கு வந்தபோதுதான் நினைவு வந்தது. பிறந்த ஊர், பிடிபட்ட நாள் என்று வாசித்துக்கொண்டு போனாள். தப்பப் பார்த்தோம், பிடிபட்டோம், அடித்தார்கள் என்ற மூன்று வரியில் வந்து நின்றாள். குகநேசன் கைகளைக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்பவனைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அந்த மூன்று வரியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு மலையை வாசித்தாள். கொழுந்துத் தட்டு, கிழவியின் கை, இஞ்சித் தேத்தண்ணி, மூன்று மணியோசை, சூரியன், சாக்கு, கட்டாத பெருவிரல்கள். எதையும் விடவில்லை. அவன் சொன்னதைவிட வடிவாகவே வாசித்தாள். அதிகாரி நேரத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"ஒண்டும் மாறேல்லை, அக்கா. அப்பிடியே இருக்கு" என்று குகநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தான்.

ஈஸ்டர் முடிந்த கையோடு அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. கடையில் கேள்விப்பட்டபோது இமெல்டா கடவுளுக்கு நன்றி சொன்னாள். அந்தச் சந்தோசம் ஒரு மாதம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, தேவாலய வாசலில் குகநேசனும் ஜெயகுமாரியும் நின்றார்கள். ஜெயகுமாரியின் கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, அந்த மலையை எந்தப் பக்கத்திலை வாசிச்சனீங்கள்?" என்று கேட்டான் குகநேசன்.

அவன் கையில் விசாரணைப் பிரதி இருந்தது. வக்கீல் அனுப்பியது. நோர்வே மொழி வாசிக்கத் தெரிந்த ஜெயகுமாரி முழுவதையும் வாசித்துவிட்டு, நல்லகாலம் மலையைச் சொல்லாமல் விட்டாய் என்று தம்பியை மெச்சியிருக்கிறாள். அப்படித்தான் அவனுக்குத் தெரியவந்தது.

"உம்மை அனுப்பிப்போடுவினம் எண்டுதான் தம்பி..." என்றாள் இமெல்டா.

"அது எனக்கு விளங்குது. வாசிக்கேக்கையும் மலையை விட்டிருந்தால் நான் அண்டைக்கே கேட்டிருப்பன். இல்லாததை ஏன் வாசிச்சனீங்கள்? நான் கையெழுத்து வைச்ச அண்டே சண்முகலிங்கத்தின்ரை மனிசிக்கு ரெலிபோன் எடுத்தனான். அவர் செத்ததை நோர்வே அரசாங்கம் எழுதி வைச்சிருக்கு, இனி அவரைப் பாத்துக்கொண்டிருக்காதையுங்கோ எண்டு. மங்களேஸ்வரியக்கா என்ரை வாயை நம்பேல்லை, அரசாங்கக் கடுதாசியைத்தான் நம்பினவ. தாலியைக் கழட்டினவ. தர்ப்பையிலை உருவம் செய்து மகன் கொள்ளி வைச்சவன். முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிஞ்சுது. இப்ப புருசன்ரை ஆக்கள், உயிரோடை இருக்கிறவனுக்குக் கொள்ளி வைச்சவள் எண்டு படலையிலை நிண்டு ஏசுகினமாம். அந்தக் கடுதாசியை அனுப்பு, காட்டவேணும் எண்டு கேக்கிறா."

"நான் போய் அலுவலகத்திலை உள்ளதைச் சொல்லுறன்."

"ஐயோ வேண்டாம் அக்கா, இவனைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்!" என்று ஜெயகுமாரி அழுதாள். பூசை முடிந்து போன சனம் திரும்பிப் பார்த்தது.

குகநேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அனுமதியை வீசியெறிய அவனுக்கும் தைரியம் வரவில்லை. அது அவன் முகத்தில் வெட்கமாகத் தெரிந்தது. பிறகு ஒரு நம்பரை அழுத்தித் தன் கைத்தொலைபேசியை நீட்டினான்.

"ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் அவ ரெலிபோன் கடைக்கு வந்து பாத்துக்கொண்டிருப்பா. நான் சொன்னால் என்னைத்தான் பொய்யன் எண்டுவா. நீங்கள் சொல்லுங்கோ."

பிறர் சொன்னதைச் சொல்லிப் பழகியவளுக்குத் தன்னுடையதைச் சொல்ல வார்த்தை தேடவேண்டியிருந்தது. மறுமுனையில் பெண்குரல் வந்தது. பின்னால் யாரோ கடைக்காரனோடு காசுக்குச் சண்டை பிடித்தார்கள்.

"தங்கச்சி, நான் இமெல்டா. குகநேசன்ரை விசாரணையிலை மொழிபெயர்த்தது நான்தான்."

"ஓம் அக்கா, சொல்லுங்கோ. அந்தக் கடுதாசி..."

"அப்பிடி ஒரு கடுதாசி இல்லை, தங்கச்சி. குகநேசன் எல்லாத்தையும் சொன்னவர். அவரை அனுப்பிப்போடுவினம் எண்ட பயத்திலை நான் எழுதவிடேல்லை. பிறகு எழுதின மாதிரி வாசிச்சுக் காட்டினன். பிழை முழுக்க என்ரை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அழப்போகிறாள், ஏசப்போகிறாள் என்று இமெல்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அரசாங்கம் எழுதேல்லையோ, அக்கா?"

"இல்லை."

"அவர் செத்தவர் எண்டு ஒரு இடத்திலையும் எழுதேல்லையோ?"

"இல்லை, தங்கச்சி."

மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அடுத்து வந்த குரல் வேறு யாருடையதோ போல, சின்னப் பெண்ணின் குரல்போல இருந்தது.

"அப்ப அவர் எங்கையோ இருக்கிறார், என்ன அக்கா?"

இமெல்டா கண்ணைத் திறந்தாள். குகநேசன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுறா, அக்கா?" என்று கேட்டான்.