சிறந்த ஐவரில் இருவர்

பட்டியலில் தன் பெயருக்கு அடுத்ததாகச் சுவேதாவின் பெயரைப் பார்த்ததும் கனிமொழிக்குப் பாதி சந்தோஷம் வடிந்துவிட்டது.

மாவட்டக் கல்லூரிகளுக்கிடையே நடந்த பெண்கள் கூடைப்பந்து லீக் முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. சீசன் முழுக்க நன்றாக ஆடிய ஐந்து பேருக்குச் சிதம்பரத்தில் பாராட்டு விழா. கடலூரிலிருந்து கனிமொழி ஒருத்திதான். சுவேதா சிதம்பரத்துக்காரி. சிதம்பரத்தோடு மோதிய இறுதி ஆட்டத்தில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு இருவரும் எகிறியபோது, கனிமொழியின் முழங்கை இடித்துச் சுவேதாவின் முன்பல் பாதி உடைந்தது. நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை. கடலூர் இரண்டு புள்ளியில் ஜெயித்தது. தோழிகள் கனிமொழியைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார்கள். சுவேதா வாயில் துண்டை அழுத்திக்கொண்டு வெளியே போனதை அவள் அந்த உயரத்திலிருந்துதான் பார்த்தாள். இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் போவலம்மா. ஷீல்டை ஜெயசீலன் சாரே வாங்கியாந்துடுவாரு," என்றாள் அம்மாவிடம். ஜெயசீலன் அவளுடைய கோச்.

மலர்க்கொடி துறைமுகத்தில் மீன் விற்பவள். பந்தாட்டம் தெரியாது, மகளின் முகம் தெரியும். கிண்டிக் கிண்டிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள்.

"வேணும்னே இடிச்சியா?"

"இல்ல. ஆனா கைய எறக்கியிருக்கலாம். எறக்கல."

மலர்க்கொடி திட்டவில்லை. விழா அன்று காலையில் சுறாப் புட்டு செய்து டப்பாவில் அடைத்தாள். "அந்தப் பொண்ணுக்குத்தான். மெல்லவே வேணாம். பல்லு வலிச்சாலும் உள்ள எறங்கும். கெளம்பு, நானும் வர்றேன்."

பேருந்து ஆலப்பாக்கம் தாண்டும்வரை கனிமொழி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

விழா அரங்க வாசலிலேயே சுவேதா நின்றிருந்தாள். மகள் தயங்கி நிற்க, மலர்க்கொடி நேரே போய் டப்பாவை நீட்டினாள். "எம் பொண்ணாலதான்மா உனக்கு அடிபட்டுச்சு. சுறாப் புட்டு, சாப்புடு."

சுவேதா ஓரடி பின்வாங்கினாள். "ஐயோ, நாங்க சைவம் ஆன்ட்டி."

கனிமொழிக்கு அப்படியே திரும்பிப் பேருந்து ஏறிவிடலாம் போலிருந்தது. நல்லவேளை, விழாவுக்கு வந்திருந்த இரண்டு பெண் போலீஸ்காரர்கள், அந்தக் காலத்துக் கல்லூரி ஆட்டக்காரிகள், "எங்கள்ட்ட குடுங்கக்கா" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்கள்.

மேடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சால்வை போட்டார்கள், ஷீல்டு கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒழுக்கத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். சுவேதா கட்டியிருந்த புதுப்பல் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்தது. அதைப் பார்க்காமலிருக்கக் கனிமொழி விருந்தினரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மைக்கில் அறிவித்தார்கள்: இந்த ஐவரும் பழைய ஆட்டக்காரிகளும் மோதும் காட்சி ஆட்டம், இருபதே நிமிஷம்.

ஐவரும் ஒன்றாக ஆடியதே இல்லை. பண்ருட்டிப் பெண் ஓடிய பக்கம் பந்து போகவில்லை. பந்து போன பக்கம் ஆளில்லை. சுறாப் புட்டின் தெம்போ என்னவோ, போலீஸ்காரர்கள் இருவரும் மளமளவென்று எட்டுப் புள்ளி எடுத்தார்கள்.

அப்போது கனிமொழியை இரண்டு பேர் மடக்கினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை இடது மூலைக்கு எறிந்தாள். அங்கே சுவேதா இருந்தாள். வலப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி இடது மூலையில் வந்து நிற்பது அவள் வழக்கம். சீசன் முழுக்க அதைத் தடுக்கத்தானே கனிமொழி ஓடினாள்!

அடுத்த முறை சுவேதாவின் கையிலிருந்து பந்து வந்தது, கனிமொழி திரும்பப்போகும் இடத்துக்கு, அவள் திரும்புவதற்கு முன்பே. அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளவே இல்லை. கூட்டம் எழுந்து கைதட்டியது. ஆனாலும் ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

குழாயடியில் முகம் கழுவும்போது சுவேதாதான் முதலில் பேசினாள். "அங்க இருப்பேன்னு எப்படித் தெரியும்?"

"நாலு மேட்ச்சு உன்னையதான மார்க் பண்ணேன்."

"நானும்தான். பந்து வர்றதுக்கு முன்னாடி நீ ஷூவத் தேய்ப்ப. ரெண்டு வாட்டி."

கனிமொழி குழாயை மூடினாள். "அன்னிக்குக் கைய எறக்கியிருக்கலாம் சுவேதா. வேணும்னேதான் எறக்காம வெச்சிருந்தேன். பல்லு ஒடையும்னு நெனைக்கல. மன்னிச்சுக்க."

சுவேதா முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"தெரியும். எகிறும்போதே பாத்தேன். நீ வந்து கேக்காததுதான் ஜாஸ்தி வலிச்சுது."

"பயமா இருந்துச்சு."

"எனக்குக் கோவமா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வா, உங்கம்மாவையும் கூப்புடு. பசிக்குது."

கடைத்தெரு ஓட்டலில் மூவருக்கும் இட்லியும் கொத்சும் வந்தன. மலர்க்கொடி இரண்டாம் முறை கொத்சு கேட்டாள். சுவேதா தம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டு மேசையில் ஒரு வட்டம் போட்டாள். அந்த உயரமான போலீஸ்காரரை எந்தப் பக்கம் மடக்கியிருக்க வேண்டும் என்று காட்டினாள். "அது தப்பு," என்று கனிமொழி அதை அழித்துவிட்டு வேறு மாதிரி போட்டாள். வெளியே கடலூர் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.