முதுகில் போன குத்துவிளக்கு

உத்திரமேரூர் பஜார் தெருவில் ஏலவார்குழலியிடம் பேரம் பேசி ஜெயித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வெளியூர்க்காரராக இருப்பார். இல்லையென்றால் புளுகராக இருப்பார். பாத்திரக்கடை போர்டில் இருந்தது கணவர் சிவக்குமாரின் பெயர். கல்லாவில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். வியாபாரம் மட்டும் குழலியின் வாயில் இருந்தது.

அப்பேர்ப்பட்டவள் புருஷனிடம் ஒரே ஒரு பேரத்தில் தோற்றாள். செங்கல்பட்டில் வேலை பார்க்கும் தங்கை சசிரேகா, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் நடக்கப் போகும் ஒரு குழுவில் அக்காவையும் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். குழலி அதுவரை பார்த்த மலையெல்லாம் படிக்கட்டு கட்டி, கைப்பிடிக் கம்பி போட்டு, பாதியில் மோர்க்கடை வைத்த மலை. படியே இல்லாத மலை எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. சிவக்குமார் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"காசு குடுத்து காட்ல நடக்கணுமா? நம்ம ஏரிக்கரையில ஓசியில நட. எவன் கேக்கப் போறான்?"

குழலி ஒரு குடத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். சரக்கு பிடித்துவிட்டால் முகத்தில் காட்டக் கூடாது என்பது கடைத்தெருவில் முதல் பாடம். அன்றைக்கே தங்கையிடம் பெயர் கொடுத்துவிட்டாள். புருஷனைப் பிறகு மடக்கிக்கொள்ளலாம்.

குழுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். முதுகில் பாரத்தோடு ஏறிப் பழக வேண்டும். புது ஷூவைக் காலுக்குப் பழக்க வேண்டும். பழகாமல் வருகிறவர்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஏறிப் பழக பழையசீவரம் மலை இருந்தது. நரசிம்மர் கோயிலுக்குப் போகாதே என்று சொல்லும் புருஷன் இன்னும் பிறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினாள். பாரத்துக்கு அரிசி வைத்தால் பையெல்லாம் எறும்பு வரும். கல் வைத்தால் ஊரே சிரிக்கும். கடையிலிருந்து ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து முதுகுப் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு விளக்கின் உச்சியில் இருந்த அன்னம் மட்டும் ஜிப்புக்குள் அடங்காமல், அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டி வழி பார்த்துக்கொண்டு வந்தது.

கோயில் படியில் ஷூவோடு ஏற முடியாது என்பது அடிவாரத்தில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஷூவைக் கழற்றிப் பூக்காரி சிட்டம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். குழலியின் காலுக்குப் பழக வேண்டிய ஷூ, சிட்டம்மாளின் பூக்கூடைக்குப் பழகியது.

இறங்கி வந்து மூச்சு வாங்கியவளைச் சிட்டம்மாள் விடவில்லை.

"இன்னாம்மா, வெளக்க மேல எடுத்துக்கினு போன, கீய எடுத்துக்கினு வந்த, திரும்பியும் மேல போன. சாமி வாணாம்னு சொல்லிடுச்சா?"

"சும்மாதான்கா."

"சும்மா இம்மாம் பாரத்த எவ தூக்குவா?"

நியாயமான கேள்வி. லாபமில்லாமல் சுமை தூக்குகிறேன் என்று சொல்ல, பஜார் தெருவில் வளர்ந்த நாக்குக்கு வரவில்லை.

"வேண்டுதல்" என்றாள் குழலி.

"அதான பாத்தேன். வூட்டுக்காரருக்கா?"

இளைப்பில் குழலியின் தலை ஆடியது. அது ஆமாம் என்றா, இல்லை என்றா என்பது அவளுக்கே தெரியாது. சிட்டம்மாள் தனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டாள். சிட்டம்மாளின் சம்பந்தி வீடு பஜார் தெருவில் இருப்பது குழலிக்குத் தெரியாமல் போனது.

அடுத்த வாரம் எதிர்க்கடை துரைராஜ் கையில் இளநீரோடு சிவக்குமாரிடம் வந்தார்.

"குடிண்ணே. ஒடம்ப பாத்துக்க."

"எனக்கு இன்னாடா?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஒண்ணுமே இல்ல" என்றார் துரைராஜ், ஏதோ இருக்கிறவர்களிடம் மட்டும் பேசுகிற குரலில்.

அன்று மாலை ஒரு பெண் இட்லிக் குண்டான் விலை கேட்டாள். பாதியாவது குறைப்பாள் என்ற நம்பிக்கையில் குழலி வாய்க்கு வந்த விலையைச் சொன்னாள். அந்தப் பெண் அதை அப்படியே எண்ணி வைத்தாள். "அண்ணன நல்லா பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டுக் குண்டானோடு போனாள். கயிறு இழுக்கும்போது எதிராளி கையை விட்டதுபோல் குழலி தடுமாறினாள். பேரம் இல்லாத வியாபாரம் உப்பில்லாத கூழ்.

சிவக்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பளபளத்த தட்டு ஒவ்வொன்றிலும் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார். குழலி இன்னொரு வெள்ளிக்கிழமை மலையேறிவிட்டு வந்ததும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு இன்னா வியாதி? சொல்லிடு குழலி. தாங்கிக்கிறேன்."

அந்த நேரத்தில் வேண்டுதலையே பிடித்துக்கொண்டிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் மனுஷன் பயத்தில் பாதியாகியிருந்தார். ஜவ்வாது மலை போனால் போகட்டும் என்று குழலி உண்மையை எடுத்து வைத்தாள்.

"ஒங்களுக்கு ஒரு மண்ணும் இல்லீங்க. நான் சசி கூட காட்டு மலைக்குப் போறேன். அதுக்குத்தான் பழகிக்கினு கீறேன். வெளக்கு பாரத்துக்கு."

அடுத்த கடையில் பாதி விலை என்று சொல்லும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் சிவக்குமார் அவளைப் பார்த்தார்.

"என்கிட்டயே யாவாரமா? காட்ல நடக்கறதுக்கு எவளாவது வெறுங்கால்ல வெளக்கு தூக்குவாளா?"

"ஷூ கீதுங்க. படியில போடக் கூடாதுன்னு பூக்காரக்காகிட்ட குடுத்து வெச்சேன்."

"புதுசாவே கீதே" என்றார் ஷூவைத் திருப்பிப் பார்த்து. "ஒரு நாள் போட்ட அடையாளம் இல்ல. என்னை சமாதானம் பண்ண வாங்கி வெச்சிக்கினு கீற."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். யாருக்கும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்திருந்தார்.

"எல்லாம் நார்மல்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"நீ ஏறாம இருந்திருந்தா இன்னா வந்திருக்குமோ." காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாதி வேண்டுதலுக்கே இப்டின்னா, அந்தக் காட்டு மலைக்கும் நேந்துக்கினு கீற, அத ஏன் பாக்கி வெக்கிற? போய்ட்டு வந்துடு. சாமிகிட்ட மட்டும் பேரம் பேசாத."

"ரெண்டு நாள் ஆவுங்க."

"மூணா வெச்சிக்க."

அடக்க விலையைச் சொல்லி, எதிராளி அதை நம்பாமல் கூடுதலாகக் கொடுத்த பேரம் குழலியின் வாழ்க்கையில் அது ஒன்றுதான். இதற்கு மேலும் மறுத்துப் பேச அவள் ஒன்றும் பைத்தியம் இல்லை. அன்று முதல் கடையைச் சாத்திய பிறகு ஷூவோடு ஏரிக்கரையில் நடந்தாள். அதுவும் வேண்டுதல்தான் என்று ஊர் ஒதுங்கி வழிவிட்டது.

கிளம்பும் நாளில் பஸ் நிலையத்துக்குப் பாதித் தெரு வந்திருந்தது. மகன் வேலைக்காக துரைராஜ் ஒரு தேங்காய் கொடுத்தார். இட்லிக் குண்டான்காரி மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றை ரூபாயைக் கொடுத்தாள். சிவக்குமார் இரண்டு விளக்கையும் புளி போட்டுத் துலக்கி, தன் கையாலேயே பையில் வைத்தார்.

"மேலயே வெச்சிட்டு வந்துடு. திரும்ப எடுத்துக்கினு வராத."

பஸ் நகர்ந்ததும் குழலி தங்கைக்குப் போன் போட்டாள்.

"சசி, அந்த மலை உச்சியில சாமி எதனா கீதா?"

"சாமியா? அது காடுக்கா. மேல ஒரு பெரிய பாறை, அவ்ளோதான். அங்க ஒக்காந்து சூரியன் எறங்கறத பாத்துட்டு வருவோம்."

குழலி மடியில் இருந்த பையைப் பார்த்தாள். அன்னம் தலையை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாறை கீதில்ல, போதும்" என்றாள். "மஞ்ச குங்குமம் என்கிட்ட கீது."