கார்ப்பரேட்டருக்கு ஒரு பித்தளை டேப்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஓரெழுத்து பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகட்டும், கேட்ட காது அடைக்கட்டும். கேட்டவர்களுக்கு எதற்குச் சாபம் என்றால், பொய்யை வாய்பிளந்து கேட்டவனுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டல்லவா.

பிளம்பர் வீட்டோடு மாப்பிள்ளை. அதனால் அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரும் மாமனார் வீட்டுப் போர்ட்டிகோவில்தான் குடியிருந்தது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, முகப்பு மட்டும் முக்கால் வண்டி நீளம். மாப்பிள்ளை சாப்பிடும் சோற்றை மாமனார் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. கார் ஒழுகுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போர்ட்டிகோவுக்கு அப்போதுதான் வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார்.

"பச்சைக் குழந்தைகூட ஒரு வயசுக்கு மேல சொல்லிட்டுத்தான் போகும் மாப்பிள்ளை. உங்க வண்டிக்கு என்னை விட வயசு கூட."

"பெட்ரோல்தானே மாமா, காத்துல காஞ்சிடும்."

"மானம் காயுமா? ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து போயிட்டு வந்து இங்க நிறுத்துங்க. நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி பழைய இரும்புக்குப் போயிடும்."

சொன்னதோடு விடாமல் இரும்புக்கடைக்காரரையும் வரச் சொல்லிவிட்டார்.

அந்தக் காரை வாங்கத்தான் பிளம்பர் பதினைந்து வருஷம் பஸ்ஸில் தொங்கியிருந்தார். நேராக மெக்கானிக்கிடம் ஓடினார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள்.

"பெட்ரோலைக் காத்தோட கலக்குற கார்ப்பரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் மட்டம் மீறினா வெளியே போக ஒரு வழிகுழாய் இருக்குல்ல," என்றார் மெக்கானிக். "உன் வண்டிக்கு ரெண்டு கார்ப்பரேட்டர், ரெண்டு குழாய். தனித்தனியா இறக்குடா. புகைக்குழாய் பக்கம் போயிடாதே, சூட்டுல பத்திக்கும். எதிர்ப்பக்கமா வளைச்சு வண்டிக்கு அடியில கொண்டுபோய் முனையைத் திறந்தே விட்டுடு. கிண்ணம் மூச்சு விடறதும் அது வழியாத்தான்."

முனையைத் திறந்து விடுவதா! ஆயுசு முழுக்க அடுத்தவர் குளியலறைகளில் குழாய் போட்ட மனிதருக்கு அந்த வார்த்தை, சமையல்காரரிடம் உப்பே போடாதே என்று சொன்னதுபோல் இருந்தது. திறந்த முனை என்றால் அவருடைய தொழிலில் அரைகுறை வேலை என்று அர்த்தம்.

புகைக்குழாயை விட்டு விலகிப் போகச் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார். மற்றபடி தன் தொழில் தர்மப்படி செய்தார். இரண்டு செம்புக் குழாய்களையும் நடுவில் ஒன்றாகச் சேர்த்தார். ஜாணுக்கு ஒரு கிளிப் அடித்தார். வாடை மேலே வராமலிருக்க, வாஷ்பேசினுக்கு அடியில் இருக்குமே, அதுபோல ஒரு வளைவு வைத்தார். கடைசியில் குழாயை உள்ளே கொண்டுவந்து, பக்கத்து இருக்கையின் முழங்காலுக்கு எதிரே பளபளவென்று ஒரு பித்தளை டேப்பில் முடித்தார். இறுக்கி மூடினால் எந்தச் சொட்டு எப்படி விழும்?

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். "வேலை சுத்தமாத்தான் இருக்குங்க. அடியில ஒரு பக்கெட் வெச்சா குளிச்சிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் டேப்புக்கு எதிரே உட்கார்ந்தார், கையில் மூக்குப்பொடி டப்பா. கடைத்தெரு வரைக்கும் வண்டி பட்டுப்போலப் போனது. மேட்டில் ஏறும்போது திணறியது, இருமியது, நின்றுவிட்டது.

"என்ன மாப்பிள்ளை?"

"மூச்சு முட்டுது மாமா. அந்த டேப்பைக் கொஞ்சம் திறங்க."

மாமனார் ஒரு கையில் திறந்த பொடி டப்பாவோடு மறு கையால் டேப்பைத் திருகினார். அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் கார் ஒரே இழுப்பில் இழுத்தது. முதலில் மாமனாரின் மீசை டேப்பின் பக்கம் சாய்ந்தது. பிறகு டப்பாவிலிருந்த பொடி, ஒரு சிட்டிகை மிச்சமில்லாமல், உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கார்ப்பரேட்டர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பிறகு கார் தும்மியது. கார்ப்பரேட்டர் இரண்டு என்பதால் தும்மலும் இரண்டு. முதல் தும்மலில் வண்டி மேட்டின் உச்சிக்குப் போனது. இரண்டாவதில் அங்கிருந்து திரும்பி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. நடுவில் பிரேக் போட பிளம்பருக்கு அவகாசம் இல்லை, அவசியமும் இல்லை. தும்மிய வேகத்தில் கிண்ணத்துக்குள்ளிருந்து இரண்டு மணல் பருக்கை பறந்துபோய் ஒரு கடையின் பெயர்ப்பலகையில் ஓட்டை போட்டன. இத்தனை நாள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசியைச் சரியாக மூடவிடாமல் பெட்ரோலை ஒழுகவிட்ட பருக்கைகள் அவைதாம்.

"நூறு வயசு," என்றார் மாமனார், பழக்கதோஷத்தில்.

போர்ட்டிகோவில் வண்டி நின்றது. மகள் டீ கொண்டுவந்தாள். இரும்புக்கடைக்காரர் தராசோடு வந்து குத்துக்காலிட்டு வண்டிக்கடியில் பார்த்தார். மாமனாரும் டம்ளரோடு பக்கத்தில் குனிந்தார். பாதி டீ ஆயிற்று. முக்கால் ஆயிற்று.

சொட்.

"விழுந்துடுச்சுய்யா!" என்று துள்ளினார் இரும்புக்கடைக்காரர்.

பிளம்பர் மண்டியிட்டுப் பார்த்தார். வெள்ளை டைல்ஸில் பழுப்பாக ஒரு பொட்டு. முகர்ந்தார். பெட்ரோல் இல்லை. அவர் தலை நிமிர்வதற்குள் பக்கத்திலேயே இன்னொரு சொட்டு விழுந்தது. எங்கிருந்து விழுந்தது என்று இந்தமுறை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"அப்பா," என்றாள் மகள், "டேப்பு உங்க மூக்குக்குத்தான் போடணும்."

மாமனார் அவசரமாகத் துடைத்துக்கொண்டார். டீயை முடித்து டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினார். வாக்குத் தவறாத மனிதர். "சரி, வண்டி இங்கயே நிக்கட்டும்."

"அப்ப நான் எதை எடுத்துட்டுப் போறது?" என்ற இரும்புக்கடைக்காரர், மாமனாரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். எடை தேறாது என்று பட்டிருக்க வேண்டும், தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கார் இன்றைக்கும் அதே டைல்ஸ்மேல்தான் நிற்கிறது. அதற்கு இன்ஜின் மட்டும் இன்னும் வாங்கவில்லை.