இடது பின்கதவு

நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்த எனக்குச் சென்னைக் கார் கம்பெனியில் ஒரே வேலை: இடது பின்கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது. பூதலூரில் அப்பா இருதயசாமியோ, "காரே என் மகன்தான் செய்றான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

மாதா திருவிழாவுக்கு லீவில் போனேன். பவனியில் சப்பரத்துக்கு முன்னால் மைக் கட்டிப் போன பங்குச்சாமியாரின் அம்பாசடர் கடைத்தெருவில் நின்றுவிட்டது. ஊரே என்னைப் பார்த்தது. இடது பின்கதவைத் திறந்து மூடினேன்.

"கதவு நல்லா இருக்குங்க ஃபாதர்."

எல்லாரும் காரைத் தள்ள வந்தார்கள். நானும் கை வைத்தேன். அப்பா பதறினார்.

"இன்ஜினியர் தள்ளுறதாவது! உள்ள உக்காருப்பா."

உட்கார்ந்தேன். முன்னால் என்னைத் தள்ளிக்கொண்டும், பின்னால் மாதாவைத் தூக்கிக்கொண்டும் பவனி நகர்ந்தது. தெருவோரம் நின்றவர்கள் என்னைப் பார்த்ததுமே சிலுவை போடத் தொடங்கிவிட்டார்கள்.